ரேடியோ பாடுமா, சார்?

போன மாதம் என்னைப் பயிற்சிக் கூடத்துக்கு அழைத்து, புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களிடம் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். பேசினேன். ஒரு மணி நேரமும் நீங்கள் எல்லோரும் தலையைக் குனிந்து, மிகுந்த அடக்கத்தோடு, அவரவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. இருபது வருஷத்துக்கு மேல் அந்தப் போனை விற்றுத்தான் சாப்பிட்டேன். யாரைக் குறை சொல்வது? பேசியது காதில் ஏறவில்லை என்றால் எழுதியாவது அனுப்பலாம் என்று தோன்றியது. இதையும் நீங்கள் போனில்தான் படிப்பீர்கள்.

நான் நம் கம்பெனியின் ஏரியா மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவன். தஞ்சாவூரில் வீடு. கும்பகோணம், திருவிடைமருதூர், மயிலாடுதுறை, சீர்காழி என்று என் வண்டி போகாத கடைத்தெரு இல்லை. கடைக்காரரைச் சரக்கு எடுக்கச் சொல்வது, எடுத்த சரக்கு ஏன் போகவில்லை என்று கேட்பது, அவர் திட்டுவதைக் கேட்டுக்கொள்வது, அந்தத் திட்டை நாகரிகமாக மாற்றித் தலைமை அலுவலகத்துக்குச் சொல்வது. இவ்வளவுதான் வேலை. மாடல், ஸ்கீம், ஸ்டாக் எல்லாம் ஒரு வாரத்தில் உங்களுக்கே பழகிவிடும். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். நம் கம்பெனி அவ்வப்போது போனிலிருந்து எதையாவது பிடுங்கும். ஜனங்களுக்கு எது பிடித்திருக்கிறதோ அதைத்தான் பார்த்துப் பிடுங்கும். என் காலத்தில் முதலில் கழற்றி மாட்டுகிற பேட்டரி போயிற்று. அதுவரைக்கும் போனுக்கு என்ன வியாதி வந்தாலும் பேட்டரியைக் கழற்றி, வேட்டியில் துடைத்து, திரும்பப் போட்டால் சரியாகிவிடும். நாங்கள் அதையே சர்வீஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அப்புறம் மெமரி கார்டு போயிற்று. அப்புறம் டப்பாவுக்குள் இருந்த சார்ஜர் போயிற்று. ஒவ்வொரு முறையும் அதற்கு முன்னேற்றம் என்று பெயர் வைத்தார்கள். ஜனங்கள் முணுமுணுத்தார்கள், வாங்கினார்கள். அந்தத் தைரியத்தில்தான் ஒரு வருஷம் ஹெட்செட் ஓட்டையை எடுத்தார்கள்.

எடுத்தது கம்பெனி. ஆனால் அந்த விஷயத்தில் பெரிய தப்பைச் செய்தது அடியேன். அதைத்தான் எழுதுகிறேன்.

ஓட்டை போவதற்கு முன்னால் எங்களிடம் ஒரு மாடல் இருந்தது. கொஞ்சம் தடிமன். அதனால் டெல்டா முழுக்க அதைக் 'குண்டு' என்றே கேட்டு வாங்கினார்கள். சேற்றில் விழுந்தாலும் எழுந்துகொள்ளும், சத்தமாகப் பாடும், நெட் இல்லாமலே ரேடியோ எடுக்கும். இந்த ரேடியோ விஷயம் முக்கியம், கவனியுங்கள். ஹெட்செட்டைச் செருகினால்தான் ரேடியோ எடுக்கும். அந்த வயர்தான் அதற்கு ஏரியல், பாட்டைப் போனின் ஸ்பீக்கரிலேயே சத்தமாக வைத்துக்கொள்ளலாம். ஆக, ஓட்டை போனால் ரேடியோவும் கூடவே போய்விடும். இது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே செய்த தப்பு இது.

புது மாடலை அறிமுகப்படுத்தக் கும்பகோணத்தில் ஒரு ஹோட்டல் ஹாலில் கடைக்காரர்களைக் கூட்டினோம். பெங்களூரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். முப்பது வயது இருக்கும், நல்ல பிள்ளை. எதைக் கேட்டாலும் ஒரு ஸ்லைடு காட்டுவார், அதனால் எனக்குள் அவருக்கு ஸ்லைடு தம்பி என்று பெயர் வைத்திருந்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது. அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் மேடையில் நின்று தமிழில் சொன்னேன். ஓட்டை இல்லாததால் போன் எவ்வளவு ஒல்லியாகிவிட்டது என்று அவர் ஒரு ஸ்லைடு போட்டார். நானும் கையை விரித்து, சுருக்கி, அபிநயத்தோடு சொன்னேன்.

அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

திருவிடைமருதூர் தமிழரசி. அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்போது முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயது. பி.காம் படித்துவிட்டுக் கடைத்தெருவில் சொந்தமாக மொபைல் கடை வைத்திருந்தார். அவர் அம்மா நடவுக்குப் போய்ப் படிக்கவைத்த பெண். ஊர் அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். அந்த ஊரில் யாருக்குப் போன் வேண்டுமென்றாலும் இவரிடம்தான் வருவார்கள். வந்து மாடலைப் பார்க்க மாட்டார்கள், இவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். "ஏ தமிழு, இது நல்லதா?" என்பார்கள். "நல்லதுதான் சித்தி" என்று இவர் சொல்லிவிட்டால் வியாபாரம் முடிந்தது. இப்படி ஒரு கடை கிடைக்க நாம் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

தமிழரசி எழுந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஓட்டை இல்லன்னா ரேடியோ பாடுமா, சார்?"

நான் ஸ்லைடு தம்பியிடம் மொழிபெயர்த்தேன். அவர் சிரித்தபடி ஆங்கிலத்தில் சொன்னதன் சாரம் இது: இப்போது எல்லோரும் நெட்டில் பாட்டுக் கேட்கப் போய்விட்டார்கள், ரேடியோவை யாரும் தேடுவதில்லை. இதை நான் அப்படியே தமிழில் சொல்லியிருந்தால் ஹாலில் பாதிப் பேர் அப்போதே எழுந்து போயிருப்பார்கள். அந்த மாத டார்கெட் என் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து அறையிலிருந்து பிரியாணி வாசனை வேறு வந்துகொண்டிருந்தது. எல்லோருக்கும் பசி, எனக்கும் பசி.

"பாடும்மா. நெட்டுல பாடும். முன்னவிடத் தெளிவா பாடும்," என்றேன்.

சுத்தப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. நெட்டில் ரேடியோ ஆப் இருக்கிறது, பாடும். பொய்களில் இந்த ரகம்தான் மோசம். பிடிபட்டாலும் வாதாடலாம் என்று தைரியம் வந்துவிடும். எல்லோரும் கை தட்டினார்கள். தமிழரசியும் தட்டினார். ஸ்லைடு தம்பி என் தோளில் தட்டினார். எல்லோரும் பிரியாணி சாப்பிடப் போனோம்.

முதல் மாதம் புது மாடல் பிய்த்துக்கொண்டு போனது. இதில்தான் நீங்கள் ஏமாந்துவிடக் கூடாது. முதல் மாதம் வாங்கியவர்கள் புது போனைப் பார்த்து வாங்கவில்லை. குண்டு மாடல் நாலு வருஷம் உழைத்ததே, அந்த நன்றிக்காக வாங்கினார்கள். பழைய நம்பிக்கையைக் கரைத்து விற்றுவிட்டு, புது மாடல் அமோகம் என்று நாங்கள் கேக் வெட்டினோம்.

அதிலும் ஒரு நாள் தமிழரசி கடையில் ஒரே மூச்சில் பதினோரு போன் போயிற்று. சம்பா நடவு தொடங்கப்போகிற சமயம். அவர் ஊரில் அஞ்சலை என்றொரு அம்மாள், நடவுக் கோஷ்டிக்குத் தலைவி. அவரோடு சேர்த்துப் பதினோரு பெண்கள். பழைய குண்டுகள் தேய்ந்துபோனதால் எல்லோரும் சேர்ந்து வந்து, ஒரே மாதிரி பதினொன்று வாங்கிக்கொண்டு போனார்கள். அஞ்சலை கேட்ட ஒரே கேள்வி ரேடியோவைப் பற்றித்தான். "நானே பெரிய மீட்டிங்குல எந்திரிச்சு நின்னு கேட்டேன் சித்தி. பாடுமாம்," என்று தமிழரசி சொல்லியிருக்கிறார். பதினோரு பேரும் டப்பாவைக் கையில் பிடித்து நிற்கிற போட்டோவை நான் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பெங்களூரிலிருந்து ராக்கெட் படங்களாக வந்து குவிந்தன.

மூன்றாம் நாள் காலையில் தமிழரசி போன் செய்தார். "சார், கொஞ்சம் கடைக்கு வரீங்களா?" என்றார். அவ்வளவுதான். சத்தம் போட்டிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். அந்த அமைதியான குரலைக் கேட்டதும் பாதிக் காப்பியோடு வண்டியை எடுத்தேன்.

போய்ப் பார்த்தால் பதினோரு பெண்களும் கடைப் படியில் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடி மேஜைமேல் பதினோரு போன், டப்பாவோடு, வரிசையாக. அஞ்சலை கையில் ஒரு மூங்கில் குச்சி. என் உயரத்துக்கு இருந்தது. நான் வாசலோடு நின்றுவிட்டேன்.

"பயப்படாதீங்க சார், அடிக்கிறதுக்கு இல்ல," என்றார் அஞ்சலை. "வரப்புல இத நட்டு, ஹெட்செட்டு வயர இதுல சுத்திவிடுவோம். அப்பதான் கொரகொரன்னு இல்லாம ரேடியோ எடுக்கும். இந்தப் போனுல வயர எங்க சொருவுறதுன்னு நீங்களே காட்டுங்க."

அப்போதுதான் எனக்கு முழு ஏற்பாடும் தெரிந்தது. நடவு வயலில் தினம் ஒருவருடைய போன் ரேடியோ பாடும். ஆற்றில் முறை வைத்துத் தண்ணீர் விடுவார்களே, அந்த மாதிரி முறை. இன்று அஞ்சலை போன் என்றால் நாளை இன்னொருவர் போன். யார் போனும் சார்ஜ் தீர்ந்து சாயங்காலம் செத்துக் கிடக்காது. அதற்காகத்தான் பதினோரு பேருக்கும் ஒரே மாடல், ஒரே வயர், ஒரே குச்சி. நாலு வருஷமாக நடந்த ஏற்பாடு. நான் அந்த ஊர் வழியாக எத்தனையோ முறை வண்டியில் போயிருக்கிறேன். ஒரு தடவை நிறுத்தி வரப்பைப் பார்த்ததில்லை.

"நெட்டுல வருமேம்மா," என்று ஆரம்பித்தேன்.

"வயல்ல டவரே கெடைக்கல. ரெண்டு வரி பாடுது, அப்புறம் சுத்துது. சுத்திக்கிட்டே இருக்கு. மத்தியானத்துக்குள்ள நெட்டும் தீந்துபோவுது. சாயங்காலம் புள்ளைவ படிக்கக் கேட்டா என்ன சொல்றது?"

பையிலிருந்து ஒரு கன்வெர்ட்டரை எடுத்து, சார்ஜர் ஓட்டையில் மாட்டி, ஹெட்செட்டைச் செருகிக் காட்டினேன். பாட்டு கேட்டது, ரேடியோ வரவில்லை. உள்ளே ரேடியோவே இல்லாதபோது அது எங்கிருந்து வரும்? சரி, ஆளுக்கொரு புளூடூத் ஸ்பீக்கர் தருகிறேன், பிடித்த பாட்டை ஏற்றிக்கொள்ளுங்கள் என்றேன்.

பதினோரு பேரும் ஒரே சமயத்தில் சிரித்தார்கள். ஒருவர் சொன்னார்: "அய்யய்யோ, அது மட்டும் வேணாம் சார். எம் பாட்டு இவளுக்குப் புடிக்காது, இவ பாட்டு அவளுக்குப் புடிக்காது. மொத வருசம் அப்படித்தான் ஏத்தி வச்சு ரெண்டு பேரு நாலு மாசம் பேசிக்கல. ரேடியோன்னா அவன் போடுறதுதான் பாட்டு. யாரத் திட்டுறது?"

பாருங்கள், பிடித்த பாட்டைப் பிடித்த நேரத்தில் கேட்கலாம் என்பதுதான் எங்கள் விளம்பரமே. அவர்களுக்கு ரேடியோ பிடித்ததே, பாட்டை யாரும் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பதால். இது எந்த ஸ்லைடிலும் இல்லை.

"நாளைக்கு வயலுக்கு வாங்க. பாட வச்சுக் காட்டுங்க. பாடுச்சுன்னா எடுத்துக்கிறோம்," என்று சொல்லிவிட்டு அஞ்சலை எழுந்தார். போகும்போது தமிழரசியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. யாருமே பேசவில்லை.

அவர்கள் போனதும் தமிழரசி என்னைப் பார்த்தார். "சார், நீங்கதான் சொன்னீங்கன்னு நான் அவங்ககிட்ட சொல்லிப்பாத்தேன். நம்பல. 'விக்கிறதுக்காக நீயே கதை கட்டுறியா'ன்னு கேட்டுட்டாங்க. நேத்து எங்கம்மா தண்ணி புடிக்கப் போனப்ப ஒருத்தரும் வாயத் தொறக்கல. அஞ்சல சித்தியும் எங்கம்மாவும் ஒண்ணா நடவு நட்டவங்க சார்." மேஜைமேல் கிடந்த ஒரு டப்பாவை மூடி வைத்தார். "இப்ப எல்லாரும் இங்கதான இருந்தாங்க? 'நான்தான் அப்படிச் சொன்னேன்'னு நீங்க ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

நான் ஏன் சொல்லவில்லை? கடைக்கு வருகிற வழியிலேயே ஸ்லைடு தம்பிக்குப் போன் போட்டிருந்தேன். எதையும் ஒப்புக்கொள்ளாதே, ஸ்பீக்கர் கொடுத்துச் சமாளி, பிரித்த டப்பாவைத் திரும்ப எடுக்கும் வழக்கம் கம்பெனியில் இல்லை என்று அவர் சொல்லியிருந்தார். எனக்கு ஓய்வுபெற இரண்டு வருஷம் பாக்கி. அதற்குள் ஒரு விளக்கக் கடிதம் எழுதும்படி ஆகிவிடக் கூடாதே என்ற பயம். இவ்வளவு பெரிய ஆள் ஒரு சின்னக் கடிதத்துக்குப் பயந்து, ஒரு பெண்ணைச் சொந்த ஊரில் பொய்க்காரியாக நிற்க வைத்தேன். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் ஸ்லைடு தம்பியும் வந்து சேர்ந்தார். கிராமத்து வாடிக்கையாளர் சந்தோஷமாகப் போன் உபயோகிப்பதை வீடியோ எடுக்க வேண்டுமாம். வெள்ளை ஷூ போட்டிருந்தார். கழற்றுங்கள் என்று சொன்னேன், கேட்கவில்லை. வரப்பில் பத்தாவது அடியில் ஒரு கால் சறுக்கி வயலுக்குள் போனது. கால் வந்துவிட்டது, ஷூ வரவில்லை. நடவு நட்டுக்கொண்டிருந்த பதினோரு பேரும் நிமிர்ந்து சிரித்தார்கள். அவர் எதிர்பார்த்த சந்தோஷம் கிடைத்துவிட்டது, ஆனால் வீடியோ எடுக்கிற நிலைமையில் அவர் இல்லை. தமிழரசி எங்களோடுதான் வந்தார். வரப்பில் இறங்காமல் ரோட்டோரமாகத் தன் ஸ்கூட்டர் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

நான் கொண்டுபோன ஸ்பீக்கர், கன்வெர்ட்டர், இன்னொரு கம்பெனி சிம் எல்லாவற்றையும் வரப்பில் கடை பரப்பினேன். போனைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வரப்பின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். இரண்டு வரி பாடியது. அப்புறம் சுற்றியது. நான் நடக்க நடக்க அது சுற்ற, அது சுற்றச் சுற்ற நான் நடந்தேன்.

வயல்காரர் எதிர் வரப்பில் குடை பிடித்து நின்றுகொண்டிருந்தார். வெயில் உச்சியைத் தாண்டியதும் அஞ்சலை குனிந்தபடியே கேட்டார், "மணி என்னங்க ஆவுது?"

வயல்காரர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார், பார்த்தார், உள்ளே போட்டார். "நேரம் இருக்கு, இருக்கு. அந்த மூலைய முடிச்சுட்டு ஏறுங்க," என்றார்.

ஒரு மணி வரைக்கும்தான் வேலை என்று பேச்சு. என் போனைப் பார்த்தேன். ஒன்று இருபத்தைந்து. அஞ்சலை என்னை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுபடியும் நாற்றைப் பிரித்து நட ஆரம்பித்தார். 

எனக்கு எல்லாம் அப்போதுதான் உறைத்தது. ரேடியோ வெறும் பாட்டுக்கு இல்லை. ஒரு மணி ஆனால் அது வயல் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு மணி என்று சொல்லும். வயல்காரருக்கும் கேட்கும். யாரும் யாரையும் மணி கேட்க வேண்டியதில்லை, சேற்றுக் கையோடு பையைத் துழாவ வேண்டியதில்லை, கரையேறலாமா என்று கெஞ்ச வேண்டியதில்லை. நாலு வருஷமாக அந்தக் குச்சியில் சுற்றிய வயர்தான் இவர்களுக்காக நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தது. அதைத்தான் நாங்கள் போன் ஒல்லியாக வேண்டும் என்று பிடுங்கியிருக்கிறோம்.

இந்தச் சூட்சுமம் எனக்குப் புரியாமல் போக நியாயமே இல்லை. எங்கள் வீட்டிலும் முன்பு நிலம் இருந்தது. என் அப்பாவின் கைக்கடிகாரம் வருஷம் முழுக்கச் சரியாக ஓடும். நடவு நாட்களில் மட்டும் அரை மணி பின்தங்கும். அதற்கு எந்தக் கடையிலும் ரிப்பேர் பார்த்ததில்லை. பின்னாளில் நிலம் போனது, நாங்கள் எல்லோரும் உத்தியோகத்துக்கு வந்தோம், அந்தக் கடிகாரத்தைப் பற்றி வீட்டில் சிரித்துக்கொள்வோம். வரப்பில் நின்றபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என்ன ஆனாலும் ஆகட்டும் என்று ஸ்பீக்கரைக் கீழே வைத்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன். வாயைக் கையால் குவித்து, அறிவிப்பாளர் குரலில், அந்த வட்டாரத்துக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்:

"நேயர்களுக்கு வணக்கம்! இப்போது நேரம், பகல் ஒரு மணி இருபத்தைந்து நிமிடம்!"

 அப்புறம் பதினோரு பேரும் சிரித்த சிரிப்பில் கொக்கெல்லாம் எழுந்து பறந்தது. அஞ்சலை இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். கையிலிருந்த நாற்றை அப்படியே போட்டுவிட்டு எல்லோரும் கரையேற ஆரம்பித்தார்கள்.

"என்ன சார் இது?" என்று வயல்காரர் குடையை ஆட்டினார்.

"ரேடியோ ரிப்பேருங்க. சரியாவுற வரைக்கும் கம்பெனி ஆளு அனுப்பியிருக்கு," என்றேன்.

அங்கேயே நிறுத்தியிருந்தால் அது வெறும் குறும்பு. கைதட்டலோடு வீட்டுக்குப் போயிருப்பேன். ஆனால் ரோட்டோரம் நின்ற தமிழரசி மட்டும் சிரிக்கவில்லை. அதைப் பார்த்துவிட்டேன். மறுபடியும் கையைக் குவித்தேன். 

"அடுத்து ஒரு வருத்தமான செய்தி. புது போனில் ரேடியோ பாடும் என்று கும்பகோணத்தில் சொன்னவர் ஏரியா மேனேஜர், அதாவது நான். பாடாது என்று எனக்கு அப்போதே தெரியும். தமிழரசி எழுந்து நின்று கேட்டார். நான் மேடையில் நின்று பொய் சொன்னேன். நான்தான் சொன்னேன் என்று அவர் உங்களிடம் சொன்னது உண்மை. செய்திகள் முடிந்தன."

 அஞ்சலை வாய்க்காலில் கை கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்து, முந்தானையில் துடைத்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"ஏ தமிழு, அங்க என்ன நின்னுக்கிட்டு இருக்க? சாப்ட்டியா?"

 தமிழரசி இல்லை என்று தலையை ஆட்டினார். அப்புறம் செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு வரப்பில் இறங்கி வேகமாக நடந்து வந்தார். பாதி வழியிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்களும் வாங்க சார்," என்றார் அஞ்சலை என்னிடம். "சோறு இருக்கு. அந்தத் தம்பி செருப்ப எடுத்துக் குடுத்து அவரையும் கூட்டியாங்க."

ஸ்லைடு தம்பி ஒரு கால் ஷூவோடு நின்றுகொண்டு, என்ன கத்தினாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். இந்த முறை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். அவர் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது. ஆனாலும் மனுஷன் வந்து வரப்பில் உட்கார்ந்தார், கொடுத்த சோற்றைச் சாப்பிட்டார். ரேடியோ இவ்வளவு முக்கியம் என்று இவர்கள் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"யாரு வந்து கேட்டா?" என்றார் அஞ்சலை, ஊறுகாயைத் தொட்டுக்கொண்டே.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் சீர்காழியிலிருந்து தஞ்சாவூர் வரைக்கும் கடை கடையாக ஏறி, அலமாரி மூலையில் விற்காமல் கிடந்த பழைய குண்டு மாடலைத் தேடினேன். ஒன்பது கிடைத்தது. அதைக் கொடுத்துப் புதியதைத் திரும்ப வாங்கினேன். மீதி இரண்டு பேருக்கும் புது போனின் கேமரா பிடித்துப்போனதால் அவர்கள் புதியதையே வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். திரும்பி வந்த ஒன்பதையும் டெமோ பீஸ் என்று கணக்குக் காட்டி, கடைகளுக்குப் பங்கிட்டேன். இதைத் திருட்டுத்தனம் என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.

நான் பயந்த கடிதமும் வந்தது. வாடிக்கையாளர் முன்னிலையில் அனுமதி இல்லாமல் தவறான தகவல் பேசியதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். கும்பகோணத்தில் பேசியதற்கு விளக்கம் வேண்டுமா, வயலில் பேசியதற்கு வேண்டுமா என்று மரியாதையாகக் கேட்டுப் பதில் எழுதினேன். ஓய்வு பெறும்வரை அதற்கு மறுபதில் வரவில்லை.

விற்பனை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இரண்டாம் மாதம் இறங்கியது, மூன்றாம் மாதம் படுத்தது. யாரும் சண்டைக்கு வரவில்லை. ஓட்டையை எடுக்காமல் வைத்திருந்த இன்னொரு கம்பெனி போன் கடைகளில் கண் உயரத்துக்கு ஏறியது. நம்முடையது முழங்கால் உயரத்துக்கு இறங்கியது. போனை வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார்களே அந்தப் பதினோரு பேர், அவர்கள் நம்மை மதித்தவர்கள். மற்ற ஊர்களில் சத்தமில்லாமல் கடை மாறிப்போனவர்களை எனக்கு எண்ணக்கூடத் தெரியவில்லை.

ஒரு மாதம் கழித்துத் தமிழரசி மறுபடியும் கூப்பிட்டார். கடைக்கு மேலே நம் கம்பெனி கொடுத்த பெரிய போர்டு இருந்தது. அதை எடுக்கப்போவதாகச் சொன்னார். பிரச்சினைதான் தீர்ந்துவிட்டதே, ஊரும் பேசிவிட்டதே, இன்னும் என்ன கோபம் என்று கேட்டேன்.

"உங்க மேல கோபமே இல்ல சார். நீங்க எப்ப வேணா வாங்க, டீ குடிங்க. ஆனா அடுத்தது இவங்க எதை எடுப்பாங்கன்னு உங்களுக்கே தெரியாது. உங்களுக்கே தெரியாததுக்கு, நான் எப்படி சார் ஊருல வாக்குக் குடுக்கறது?"

 எத்தனையோ கடைக்காரரை மடக்கியிருக்கிறேன், வாய் இருக்கிறதே என்று பிழைத்தவன்.  ஆனால் அவர் சொன்னது சரி.

அன்றைக்கு ஏணி பிடிக்க ஆள் வரவில்லை. கம்பெனியின் ஏரியா மேனேஜராகிய நான், சட்டைப் பையில் கம்பெனி அடையாள அட்டையோடு, கம்பெனி போர்டைக் கழற்றுவதற்கு ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைத்தெருவே வேடிக்கை பார்த்தது. தமிழரசி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஸ்பேனரோடு மேலே ஏறினார். கடைசி நட்டைக் கழற்றுவதற்கு முன்னால் கீழே குனிந்து என்னைப் பார்த்தார்.

"கெட்டியா புடிச்சிருக்கீங்களா சார்? உண்மையச் சொல்லுங்க."

"புடிச்சிருக்கேம்மா," என்றேன்.

அவர் இன்னொரு தடவை என் இரண்டு கையையும் பார்த்துவிட்டுத்தான் நட்டில் ஸ்பேனரை வைத்தார்.